எள்ளுக்கூழில் தண்ணீர் விட்டது யார்

“இதைச் சாப்பிடுறதுக்குப் பட்டினி கிடந்தே போய்ச் சேர்ந்துடுறேன்” என்று என் கணவர் லுய் ஹோன் சாங் சொன்னார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் முன்னால் மூன்று குழிகள் கொண்ட தட்டு ஒன்று இருந்தது. ஒரு குழியில் பழுப்பாக, ஒன்றில் பச்சையாக, ஒன்றில் வெளிறிய சாம்பலாக ஏதோ இருந்தது. பழுப்பு பன்றியிறைச்சி, பச்சை கீரை, சாம்பல் மீன் என்று தட்டைக் கொண்டுவந்தவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. தண்ணீர்கூடத் தண்ணீராக இல்லை. அதிலும் ஒரு மாவைக் கலந்து கெட்டியாக்கியிருந்தார்கள்.

“சுவரொட்டி ஒட்டுறவன் பாத்தா வாளியோட வாங்கிட்டுப் போவான்” என்றார் அவர், கரண்டியை அதில் நட்டு வைத்து.

வரிசையாகச் சொல்கிறேன். புயலுக்கு எட்டாம் எண் எச்சரிக்கை ஏறிய நாளில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கால் தேறியது. இடது கை பாதி தேறியது. குரல் முழுதாகத் திரும்பி வந்தது. விழுங்குவது மட்டும் திரும்பவில்லை. உணவு இறங்கும் நேரத்தில் மூடிக்கொள்ள வேண்டிய மூச்சுக்குழாய், மூட மறந்து திறந்தே கிடந்தது. ஒரு வாய்த் தேநீர் நுரையீரலுக்குள் போய், காய்ச்சலாகி, மறுபடி ஆஸ்பத்திரியில் படுத்தார். அதன்பிறகு எல்லாமே அரைத்த உணவு, கெட்டித் தண்ணீர். லோக் ஃபுவில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் அதேதான்.

அவர் சாப்பிட மறுத்தார். நான் கால்சட்டையின் இடுப்பைப் பிடித்துத் தைத்தேன். அதுவும் பிறகு நழுவியது. டாக்டர் ஃபுங், எங்கள் மகன் பாக் கின்னைக் கூப்பிட்டுப் பேசினார். மாதக் கடைசியில் எக்ஸ்ரேயில் விழுங்கும் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய். குழாயில் பாலை விடுவார்கள். வாயால் ஒன்றும் கிடையாது.

மகன் அதற்குச் சம்மதம் போலத்தான் பேசினான். அப்பா தேநீரில் புரையேறி நீலமாகிப் போனபோது பக்கத்தில் இருந்தவன் அவன். அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

“குழாய் வந்துட்டா எனக்கு வாய் எதுக்கு?” என்று கேட்டார் கணவர்.

“பேசுறதுக்கு. உன் வாய் அதுக்குத்தானே பொறந்துச்சு, கிழவா” என்றேன்.

உண்மைதான். முப்பது வருஷம் டாக்ஸி ரேடியோ நிலையத்தில் உட்கார்ந்து வண்டிகளைக் கூப்பிட்டவர். கவுலூனில் பாதி ஓட்டுநர்களுக்கு அவர் முகம் தெரியாது, குரல் தெரியும்.

“பேசுறதுக்கு மட்டும்னா ரேடியோ வாங்கி வச்சுக்கோ” என்றார். “எனக்கு எள்ளுக்கூழ் வேணும்.”

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. விழுங்க முடியாத மனிதர் விருந்து கேட்கிறாரே என்று. பாத்திரம் கழுவும்போதுதான் யோசித்தேன். எள்ளுக்கூழை யார் மென்று சாப்பிடுகிறார்கள்? கறுப்பு எள்ளை வறுத்து, ஊறவைத்த அரிசியோடு அரைத்து, துணியில் வடிகட்டி, கற்கண்டு போட்டுக் கிளறி இறக்கினால் அது தானாகவே கெட்டி. அக்ரூட் கூழும் அப்படித்தான், பாதாம் கூழும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்காரர்கள் டப்பாவில் வாங்கும் கெட்டித்தனம் எங்கள் இனிப்புக் கடைகளில் எப்போதும் கிண்ணத்தில்தான் இருக்கிறது.

மறுவாரம் ஒரு ஃபிளாஸ்க் நிறையக் கொண்டுபோய் மிஸ் க்வானின் மேசையில் வைத்தேன். விழுங்குவதற்குப் பயிற்சி தருகிற பெண். சின்ன வயசு. நேராகப் பேசுவாள்.

“என்ன பெரியம்மா இது?”

“எள்ளுக்கூழ். இது இறங்குமா இறங்காதான்னு பாத்துச் சொல்லு. இறங்கலைன்னா நான் பேசாம வீட்டுக்குப் போறேன்.”

“அட்டவணையில இது இல்லையே.”

“அட்டவணை போட்டவன் சாம்ஷூய்போ இனிப்புக் கடைப் பக்கம் வந்ததே இல்லை போலிருக்கு.”

அவள் சிரித்தாள். ஆனால் வேலையை ஒழுங்காகச் செய்தாள். கரண்டியில் எடுத்துச் சாய்த்தாள்; கூழ் உருவம் கலையாமல் ஒரே கட்டியாக வழுக்கி விழுந்தது. இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள். திப்பி இருக்கிறது, இன்னொரு முறை வடிகட்ட வேண்டும் என்றாள். அங்கேயே வடிகட்டினாள். பிறகு காகிதக் கரண்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, ஒரு வாய்க்கு ஒரு கரண்டியாக ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் பிறகு “ஆ”ன்னு சொல்லுங்க என்றாள். தொண்டையில் ஏதாவது தங்கியிருந்தால் குரல் ஈரமாக, கொழகொழவென்று வருமாம்.

“ஆவா? நான் என்ன பல் டாக்டர்கிட்டயா வந்திருக்கேன்?” என்றார் என் கணவர். விழுங்கினார். தொண்டையைச் செருமாமலேயே பழைய குரலை எடுத்தார்: “ஹோ மான் டின், ஃபாட் குவாங் தெரு, விமான நிலையத்துக்கு ஒரு வண்டி. ரெண்டு பெட்டி, ஒரு மாமியார்.”

நடைபாதையில் போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

குரல் கண்ணாடி போல இருந்தது. ஃபிளாஸ்க் பாதி காலியாகும்வரை தெருத்தெருவாக வண்டி கூப்பிட்டார். மிஸ் க்வான் தன் ஏட்டில் குறித்துக்கொண்டு, “வீட்டுலயும் இதே கெட்டியில கொடுங்க, பெரியம்மா. ஒரு துளி தண்ணி சேரக்கூடாது” என்றாள்.

அன்று மாலையே வீட்டில் புரையேறியது.

அதே ஃபிளாஸ்க். அதே கூழ். அவருக்குப் பிடித்த நீலப் பூப் போட்ட கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். தானே சாப்பிடுவேன் என்று வலது கையால் கரண்டியைப் பிடித்துக்கொண்டார். முதல் பாதி வழுக்கிக்கொண்டு இறங்கியது. கூழைக் கிளறுவார், கரண்டியின் முதுகைச் சப்புவார், மறுபடி கிளறுவார். அவர் எள்ளுக்கூழ் சாப்பிடும் முறையே அதுதான். கிண்ணத்தின் அடியை நெருங்கும்போது இருமல் வந்தது. முகம் சிவந்து, கண் பிதுங்கி, மகன் ஓடிவந்து முதுகைத் தட்டினான்.

“அம்மா, உனக்குப் பைத்தியமா?” என்றான் பாக் கின், அவர் அடங்கிய பிறகு. “டாக்டர் ஒண்ணு சொன்னா நீ ஒண்ணு பண்றே. இனிப்புக் கேக்குறாருன்னு கொடுத்துக் கொல்லப் போறியா?”

“காலையில சாப்பிட்டாரு. ஒண்ணும் ஆகலை.”

“காலையில அவங்க கொடுத்தாங்க. சாயங்காலம் நீ கொடுத்தே.”

அந்த வார்த்தை எனக்கு நன்றாகத் தைத்தது. வாரக் கடைசியில் மிஸ் க்வானிடம் போனபோது அவளும் மென்மையாக அதையே கேட்டாள்.

“சூடு பண்ணும்போது கெட்டியாயிடுச்சுன்னு கொஞ்சம் தண்ணி விட்டிருப்பீங்களோ? பரவாயில்லை, எல்லாரும் பண்றதுதான்.”

“நான் விடலை.”

“மறந்திருக்கலாம்…”

“ஏம்மா க்வான், எனக்கு வயசாயிடுச்சு, வாஸ்தவம். அடுப்புக்கிட்ட நின்னு தண்ணி விட்டேனா இல்லையான்னு தெரியாத அளவுக்கு ஆகலை.”

மகன் என் கையைப் பிடித்தான். நான் உதறிவிட்டு, பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தேன். இந்தச் சண்டைக்கென்றே கொண்டுவந்தது. அவள் மேசையிலேயே இரண்டு கிண்ணங்களை வைத்து, ஒரே ஃபிளாஸ்க்கிலிருந்து இரண்டிலும் ஊற்றினேன். “ரெண்டையும் பாத்துக்கோ. சாய்ச்சுப் பாத்துக்கோ” என்றேன். இரண்டும் கட்டியாக விழுந்தன. ஒன்றை மேசையில் விட்டேன். மற்றொன்றைக் கணவர் கையில் கொடுத்தேன்.

“வீட்டுல சாப்பிடுற மாதிரியே சாப்பிடு. இங்க யாரும் உனக்கு மாமனார் இல்லை.”

“இருமல் வந்தா?”

“இருமறதுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.”

மிஸ் க்வான் அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள், தொண்டைமேல் இரண்டு விரலை வைத்து. அவர் கிளறினார், சப்பினார், கிளறினார். இடையில் என் மகனிடம் குதிரைப் பந்தயம் பற்றி ஒரு வார்த்தை கேட்டார். கிண்ணம் பாதிக்குக் கீழே போனதும் ஒரு சின்னச் செருமல். “ஆ சொல்லுங்க” என்றாள் அவள். குரல் ஈரமாக வந்தது.

“போதும்” என்று கிண்ணத்தைப் பிடுங்கினாள்.

நான் இரண்டு கிண்ணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மேசையில் இருந்தது அப்படியே நின்றது, மேலே லேசாக ஆடை படிந்து. அவர் கையில் இருந்ததைச் சாய்த்தேன். அது சூப் மாதிரி ஓடியது.

என் கணவர்தான் முதலில் பேசினார்.

“என்ன பாக்குறீங்க? கிண்ணத்தோட அடி எப்பவும் இப்படித்தானே இருக்கும்? எந்தக் கடையிலதான் இல்லை?”

அதுதான் விஷயம். எங்களில் யாருக்குத்தான் தெரியாது? எள்ளுக்கூழை ஊர்க்கதை பேசிக்கொண்டு மெதுவாகச் சாப்பிட்டால் கடைசி வாய் தண்ணீராகிவிடும். தண்ணீர் ஊற்றி ஏமாற்றுகிறாயா என்று கடைக்காரனோடு சண்டை போடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்துப் பார்த்து, அது கூழின் குணம் என்றே விட்டுவிட்டோம்.

“எச்சில்” என்றாள் மிஸ் க்வான். நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். “கெட்டியா நிக்கிறது அரிசியால. எச்சில் அரிசி மாவைக் கரைச்சிடும். ஸ்டார்ச் கலந்த தண்ணியில இதைப் பத்திப் படிச்சிருக்கேன். நான் ஒவ்வொரு வாய்க்கும் புதுக் கரண்டி போட்டேன், அதனால எனக்குத் தெரியலை. பெரியப்பா நக்கின கரண்டியைத் திரும்ப கிண்ணத்துக்குள்ள விடுறாரு.”

“ஆக, தண்ணி விட்டது நீ” என்றேன் கணவரிடம்.

“நல்லவேளை. இல்லைன்னா உன்னை ஜெயிலுக்குல்ல அனுப்பியிருப்பாங்க” என்றார்.

மகன் சிரிக்கவில்லை. “சரி, காரணம் தெரிஞ்சுது. அதுக்காக எச்சில் ஊறாம இருக்கச் சொல்ல முடியுமா? குழாய் போட்டா இந்தக் கவலையே இல்லை” என்றான்.

“உனக்குக் கவலை இல்லை” என்றார் அவர்.

எச்சிலுக்குக் கரையாத வேறு வகைப் பொடி ஒன்று இருக்கிறது என்று மிஸ் க்வான் சொன்னாள். பிசின் வகை. அரிசியை எடுத்துவிட்டு அதைப் போடலாம் என்றாள். வாங்கிவந்து போட்டேன். கரண்டியை உயர்த்தினால் கூழ் நூலாக நீண்டு, அறாமல், கூடவே வந்தது. அவர் ஒரு வாய் வைத்துவிட்டுத் துண்டில் துப்பினார்.

“சளி பிடிச்ச எள்ளு” என்றார்.

“பொடி அதிகமாயிடுச்சு.”

“அரிசி இல்லாம எள்ளுக்கூழா? வாசனையே பாதி அரிசிதான். இதைக் குடிக்கச் சொல்றதுக்கு நீ அந்தக் குழாயையே சொருகிடு.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அரிசி வெறும் கெட்டிக்காக மட்டும் அதில் இல்லை. எண்ணெய்ப்பிசுக்கு இல்லாமல் எள்ளை வாயில் பரப்புவது அரிசிதான். எனவே பாதி அரிசியைத் திரும்பச் சேர்த்தேன். கெட்டியாக்கும் பொறுப்பைப் பிசினிடம் விட்டேன். பொடியைக் கொதிக்கும்போது போட்டால் கட்டிதட்டியது. இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் தூவி, ஒரே பக்கமாகக் கிளறி, மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன். எள்ளை முன்பைவிடக் கூடுதலாக, புகை கிளம்புவதற்குச் சற்று முன்வரை வறுத்தேன். பிசின் வாசனையை அமுக்கிவிடுகிறது, அதை மீற வேண்டும். வடிகட்டுவதை மட்டும் இரண்டு துணியில் செய்தேன். சரியாக வராத பானைகளை நானும் பாக் கின்னும்தான் குடித்துத் தீர்த்தோம். ஒருநாள் அவன் குடித்துவிட்டுக் கிண்ணத்தை இறக்காமல் நின்றான்.

“என்ன?”

“ஒண்ணுமில்லை. இது நல்லா இருக்கு” என்றான், ஏதோ தோற்றுப்போனவன் போல.

நான் உடனே ஒரு கரண்டி நக்கி அதில் விட்டுக் கிளறிவிட்டு, துணி மடித்து வந்தபிறகு சாய்த்துப் பார்த்தேன். உருவம் கலையவில்லை.

கரண்டி விஷயம் மட்டும் மிச்சம் இருந்தது. பொடி கரையாமல் நின்றாலும் அபாயத்துக்கு இடம் வைக்காதீர்கள், கிண்ணத்துக்குள் கரண்டி திரும்பப் போகவேண்டாம் என்று மிஸ் க்வான் சொல்லியிருந்தாள். நீங்களே ஊட்டிவிடுங்கள் என்றாள். அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். நான் பிள்ளையா, பறவைக் குஞ்சா என்று கேட்டார். அதனால் சியூச்சாவ்காரர்கள் தேநீர் குடிக்கிற குட்டிக் கோப்பைகளை எடுத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் கூழ், ஒரு சின்னக் கரண்டி. ஒரு தட்டு நிறைய அடுக்கி அவர் முன்னால் வைத்தேன்.

“இது என்ன, கல்யாண வீடா?” என்றார். ஆனால் கையை நீட்டினார். ஒரு கோப்பையை எடுத்தார், கரண்டியைக் கவிழ்த்தார், விழுங்கினார், காலிக் கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்து மேசையில் தட்டி வைத்தார். அடுத்ததை எடுத்தார். கழுவுவதற்குத்தான் எனக்கு முதுகு ஒடிந்தது. கால்சட்டை அதற்குமேல் நழுவவில்லை.

பரிசோதனை நாளில் எக்ஸ்ரே அறைக்கு வெளியே டாக்டர் ஃபுங் என் ஃபிளாஸ்க்கைப் பார்த்தார்.

“அம்மா, இங்க பரிசோதனைக்குன்னு தனியா பொருள் இருக்கு. அளவெடுத்துச் செஞ்சது. அதைத்தான் கொடுப்போம்.”

“அதை விழுங்கினா அவர் அதை விழுங்குவாருன்னு தெரியும். வீட்டுல அவர் அதைச் சாப்பிடப் போறதில்லையே, டாக்டர்.”

“ஒரே மாதிரி பொருள் இருந்தாத்தான் ஒப்பிட முடியும்.”

“யாரோட ஒப்பிடணும்? அவர் தொண்டை ஒண்ணுதானே இருக்கு.”

டாக்டர் மிஸ் க்வானைப் பார்த்தார். அவள், “முதல்ல நம்ம பொருள், அப்புறம் இது. நான் அளந்துட்டேன், கெட்டி சரியா இருக்கு” என்றாள். அவர் தோளைக் குலுக்கினார். எள்ளுக்கூழில் எக்ஸ்ரேயில் தெரிவதற்கான வெள்ளைப் பொடியைக் கலந்தார்கள். என் கூழ் சிமெண்ட் நிறமானது. கணவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “இந்த ஒரு தடவை” என்றேன்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் மகனும் நின்றோம். திரையில் அவருடைய தாடை எலும்பு, கழுத்து எலும்பு. பேச்சு இல்லாத அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. முதலில் தண்ணீர் கொடுத்தார்கள். மெல்லிய கோடு ஒன்று முன்பக்கத்து மூச்சுக்குழாயில் நழுவி இறங்கியது. பாக் கின் மூச்சை இழுத்துக்கொண்டான். பிறகு அவர்களுடைய கெட்டிப் பொருள். அது சரியாகப் போனது. பிறகு என் கூழ். கறுப்பாக ஒரு உருண்டை நாக்கின்மேல் வந்து, நின்று, பின்னால் சாய்ந்து, பின்பக்கத்து உணவுக்குழாயில் இறங்கியது. கொஞ்சம் தொண்டைப் பள்ளத்தில் தங்கியது. “இன்னொரு தடவை வெறுமனே விழுங்குங்க, பெரியப்பா” என்று மிஸ் க்வானின் குரல் கேட்டது. விழுங்கினார். அதுவும் போனது. அடுத்த வாய், அதற்கடுத்த வாய். கடைசிக்கு முந்திய வாயில் ஒரு இழை மட்டும் முன்குழாயின் வாசல்வரை எட்டிப் பார்த்தது. அவர் இருமினார். அது மேலே வந்துவிட்டது.

வெளியே வந்து உட்கார்ந்தோம். டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். அதற்காக அவரை எனக்குப் பிடித்தது.

“கூழ் வகைகள் பெரும்பாலும் பத்திரமா போகுது. ஆனா முழுக்கப் பத்திரம்னு நான் சொல்ல மாட்டேன். களைப்பா இருக்கிற ஒருநாள் அது நுரையீரலுக்குள்ள போகலாம். மறுபடி நிமோனியா வரலாம். குழாய் போட்டாலும் எச்சில் உள்ள போய் நிமோனியா வரத்தான் செய்யும், அதையும் மறைக்க மாட்டேன். ஆனா எடை விஷயத்துல குழாய் உறுதியான வழி. என் ஆலோசனை இன்னும் குழாய்தான். முடிவு ஐயாவோடது.”

“அப்பா” என்றான் பாக் கின். “அன்னைக்கு நீங்க நீலமா போனதை நான் பாத்தேன்.”

“நீ பாத்தே” என்றார் அவர். “நான் அதுக்குள்ள இருந்தேன். எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன்.”

“எனக்காகவாவது…”

“உனக்காக முதுகை நிமிர்த்தி உக்காருறேன். தாடையைக் கீழே தாழ்த்தி விழுங்குறேன். தண்ணியை அந்தப் பசை மாதிரியே குடிச்சுத் தொலைக்கிறேன். களைப்பா இருந்தா சாப்பிடாம படுக்குறேன். அரைச்ச கறியைக்கூட உங்க அம்மா ஒவ்வொண்ணாத் தனித்தனியா, கறி மாதிரி வாசனையா பண்ணிக் கொடுத்தா தின்னுறேன். குழாய் மட்டும் வேண்டாம். கையைக் கட்டிப் போட்டுத்தான் அதைச் சொருகணும். அப்படிப் போட்டாலும் பிடுங்குவேன். இந்த வலது கை நல்லாத்தான் இருக்கு.”

மகன் என்னைப் பார்த்தான். நான் அவனுக்காக ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம்.

“நிமோனியா வந்தா?” என்று என்னிடம் கேட்டான்.

“வந்தா இங்கதான் கொண்டுவருவோம். நீயும் வருவே. நானும் வருவேன். அதுவரைக்கும் சமைப்பேன்.”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “வாரக் கடைசியில நான் வந்து எள்ளு வறுக்குறேன். உனக்குத் தோள் வலிக்குது” என்றான். சம்மதம் என்று சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று நானும் கேட்கவில்லை.

டாக்டர் ஃபுங், வாயால் கவனமாக ஊட்டுவது, மூன்று மாதம் கழித்து மறு பரிசோதனை என்று எழுதினார். எழுதிக்கொண்டே ஃபிளாஸ்க்கைப் பக்கவாட்டில் பார்த்தார்.

“இதுல கற்கண்டு எவ்வளவு போடுறீங்க, அம்மா?”

“இனிக்கிற அளவுக்கு.”

“ரத்தத்துல சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கு. குறைச்சுக்கலாமே.”

கணவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

“திப்பி இல்லாம வடிகட்டுறேன், டாக்டர். பொடியை அளந்து போடுறேன். கோப்பை கோப்பையா கழுவுறேன். நீங்க சொன்னதுல இதை மட்டும் நான் கேக்கப் போறதில்லை” என்று சொல்லி, ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகி மூடினேன்.